பளபளப்பின் கூலி: மெழுகிட்ட மரத்தளங்களின் வரலாறு

மரப்பலகை பாவிய தளத்துக்கு மெழுகிட்டுத் தேய்க்கும் வழக்கம் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சின் அரண்மனைகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் வேரூன்றி, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களின் நடுத்தர வீடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் பரவி, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய வேகத்தைவிட விரைவாகவே மறைந்தது. இந்த எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஒரு பூச்சுப்பொருளின் கதையாக மட்டும் எழுதினால் அதில் பாதி விடுபட்டுப்போகும். பலகைக்கு மெழுகைத் தந்தது தேனீ என்றாலும், பளபளப்பைத் தந்தது அதைத் தேய்த்த ஆளின் கால். அந்தக் காலுக்குக் கூலி கொடுக்க முடிந்தவரை மெழுகு வாழ்ந்தது, முடியாமல் போனபோது மெழுகும் போயிற்று.

மெழுகின் இயல்பே இதற்குக் காரணம். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகிக் காய்ந்துவிடும்; குங்கிலியம் போன்ற பிசின்களைக் கரைத்துச் செய்யும் வார்னிஷ், கரைப்பான் ஆவியானதும் பலகை மேல் கெட்டியான படலமாக நின்றுவிடும்; இரண்டிலும் பூசியவரின் வேலை பூசியதோடு முடிந்தது. மெழுகு அவ்வாறு காய்வதில்லை. பைன் மரப்பிசினை வடித்தெடுக்கும் டர்பன்டைன் எண்ணெயில் தேன்மெழுகைக் கரைத்துப் பூசினால், டர்பன்டைன் ஆவியாகிப் போனபின் மெழுகு தன் பழைய நிலைக்கே திரும்பி, பலகையின் மேல் மங்கலான, கொஞ்சம் பிசுபிசுப்பான படிவாகத் தங்கும். அழுத்தித் தேய்க்கும்போதுதான் அது உராய்வின் சூட்டில் இளகி மரத்தின் நுண்துளைகளில் இறங்குகிறது. மேற்பரப்பின் மேடுபள்ளங்கள் நிரவப்பட்டு ஒளி சிதறாமல் திரும்புகிறது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகிவிடும் மென்மையான பொருளாதலால், அந்த வழவழப்பு நடமாட்டத்தில் சில நாட்களிலேயே மங்கும். மீண்டும் தேய்க்க வேண்டும். தூசியும் சிந்திய நீரும் மரத்துக்குள் இறங்காமல் மெழுகு தடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் நீர் தேங்கி நின்றால் அதன் மேல் வெண்புள்ளிகள் விழும். ஆகவே மெழுகிட்ட தளம் என்பது ஒருமுறை செய்து முடிக்கப்பட்ட பொருளன்று, வாராவாரம் செய்துகொண்டே இருக்கவேண்டிய வேலை.

மெழுகுக்கு முந்தைய நிலையை இங்கிலாந்தின் வீடுகள் காட்டுகின்றன. அங்கே ஓக், பைன் பலகைத் தளங்களுக்கு 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் எந்தப் பூச்சும் இடப்படவில்லை. மணலைத் தூவிக் கடினமான பிரஷால் தேய்த்துக் கழுவினார்கள், பலகை வெளுத்திருப்பதே தூய்மையின் அடையாளம் எனக் கருதினார்கள். சமையல் நூலால் புகழ்பெற்ற ஹன்னா கிளாஸ் 1760இல் வெளியிட்ட வேலைக்காரர் கையேடு, புதினா போன்ற மணமுள்ள பச்சிலைகளைப் பலகை மேல் பரப்பி நீரில்லாமலே பிரஷால் தேய்க்கும் முறையைச் சொல்கிறது. இலையின் சாறு ஏறிப் பலகை பழுப்பேறி வாசமும் வீசும். நீரைத் தவிர்க்கும் இந்த எண்ணம் கவனிக்கத்தக்கது, ஏனெனில் பிரான்சில் மெழுகிட்ட மரத்தளம் தலையெடுத்ததற்கும் நீரே காரணமாயிற்று.

வெர்சாய் அரண்மனையின் மேல்தள அறைகளில் தொடக்கத்தில் பளிங்குக்கல் பாவப்பட்டிருந்தது. பளிங்கைக் கழுவித்தான் தூய்மைப்படுத்த முடியும். கழுவிய நீர் கல் இணைப்புகளின் வழியே கசிந்து, தளத்தைத் தாங்கிய மர உத்தரங்களை உளுக்கச் செய்தது. 1684இல் அக்கல்லைப் பெயர்த்துவிட்டு, சட்டத்துக்குள் ஓக் துண்டுகளைச் சாய்வாகப் பின்னிப் பொருத்திய சதுரப் பலகைகளைப் பாவினார்கள். இவ்வகைத் தச்சுத்தளத்தைப் ‘பார்க்கே’ என்பர். அச்சதுர வடிவம் இன்றும் வெர்சாய் பெயராலேயே விற்கப்படுகிறது. நீர் படக்கூடாது என்பதற்காகவே போடப்பட்ட தளத்தை நீரால் கழுவ முடியாது; மணலிட்டுத் தேய்த்தால் பின்னலின் நுட்பம் அழியும். உலர்ந்த முறையில் தூய்மைப்படுத்தவும் அழுக்கு ஏறாமல் காக்கவும் மெழுகே வழியாயிற்று. அதோடு, மாலையில் நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகளை நம்பியிருந்த அறைகளில், ஒளியைத் திருப்பித் தரும் தளத்துக்குத் தனி மதிப்பு இருந்தது.

இந்தத் தளங்களுக்கு நிறமும் ஏற்றினார்கள். பாரிசில் வண்ணம், பொன்பூச்சு, வார்னிஷ் ஆகிய தொழில்களைப் பற்றி 1770களில் நூல் எழுதிய ழான்-பெலிக்ஸ் வாத்தேன் காலத்திலும் அதற்குப் பின் வந்த கைத்தொழில் நூல்களிலும், பலகைக்கு மஞ்சள் சாயம் காய்ச்சும் செய்முறைகள் இடம்பெறுகின்றன. அவினியோன் பகுதியில் விளைந்த சாயக்காய், குசும்பாப் பூ ஆகியவற்றோடு இந்தியாவிலிருந்து போன மஞ்சளும் அந்தக் காய்ச்சலில் சேர்ந்தது. சாயம் நன்கு பிடிப்பதற்குப் படிகாரம் இட்டார்கள். தமிழ்நாட்டுச் சமையலறையின் மஞ்சள் பாரிசுச் சீமாட்டிகளின் காலடியில் கிடந்தது என்பது, வணிக வரலாற்றில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு சிறு வேடிக்கை. சாயம் காய்ந்தபின் மெழுகிட்டுத் தேய்த்தால், புதிய ஓக் பலகைக்கும் பழைய பொன்னிறம் வந்துவிடும். டர்பன்டைனுக்குச் செலவிட விரும்பாதவர்கள், மெழுகைச் சோப்புடனும் சாம்பற்காரம் என்னும் பொட்டாசியம் கார்பனேட்டுடனும் கொதிக்கவைத்து, நீரில் கலக்கும் பால்போன்ற குழம்பாக்கிப் பூசினார்கள்.

தேய்ப்பதற்கென்றே பாரிசில் ஒரு தொழிலாளர் வகுப்பு உருவாயிற்று. ‘ஃப்ரொத்தேர்’ எனப்பட்ட அந்தத் தேய்ப்பாளர்கள் பெரிய மாளிகைகளில் நிலையான பணியாளர்களாகவும், மற்ற வீடுகளில் வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்துபோகும் கூலியாட்களாகவும் இருந்தார்கள். அவர்களுடைய கருவிகள் மிகச் சில: முனை பிளந்த ஒரு கோலில் செருகிய மெழுகுக்கட்டி, தோல்வாரால் பாதத்தில் கட்டிக்கொள்ளும் முட்கெட்டியான பிரஷ், கடைசி மெருகுக்குக் கம்பளித்துணி. கோலை ஊன்றிப் பலகை மேல் மெழுகைக் கீறிக்கொண்டே போய், பின்னர் ஒரு காலை ஊன்றி, பிரஷ் கட்டிய காலை மர இழை ஓடும் திசையில் முன்னும் பின்னும் வீசித் தேய்ப்பார்கள். முழு உடலின் பாரமும் இடுப்பின் வீச்சில் அந்தப் பாதத்துக்கு இறங்கவேண்டும். முழங்காலால் மட்டும் தேய்த்தால் ஓர் அறைக்குள் கால் ஓய்ந்துவிடும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஆடியபடியே போகும் அந்த மனிதனை ஓவியர்களும் கேலிச்சித்திரக்காரர்களும் நடனக்காரனாகவே வரைந்தார்கள். வீட்டார் விழிப்பதற்கு முன் அதிகாலையிலேயே அவன் வேலை முடிந்துவிடும் என்பதால், அந்த நடனத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் மற்ற வேலைக்காரர்களே.

1853 முதல் 1870 வரை நகர நிர்வாகத் தலைவர் ஓஸ்மான் பாரிசை இடித்துக் கட்டியபோது, அகன்ற சாலைகளின் இருபுறமும் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஓக் பார்க்கே வழக்கமான தளமாயிற்று. பிரபுக்களின் மாளிகையில் இருந்த ஒரு பொருள், வாடகைக்குக் குடியிருக்கும் வழக்கறிஞர், வணிகர் வீட்டுக்கும் வந்துசேர்ந்தது. இந்தப் பெருக்கத்தின் மிகச் சிறந்த சான்று ஓர் ஓவியம். குஸ்தாவ் கையபோத் 1875இல் வரைந்த ‘தளம் இழைப்பவர்கள்’ என்னும் பெரிய துணி ஓவியத்தில், மேலாடையின்றி மண்டியிட்டிருக்கும் மூன்று தொழிலாளிகள் இழைப்புளியாலும் சுரண்டியாலும் பலகையைச் சீவுகிறார்கள்; சீவிய இடமும் சீவாத இடமும் பட்டைபட்டையாக மாறிமாறித் தெரிகின்றன, இழைப்புச் சுருள்கள் சிதறிக் கிடக்கின்றன, வலப்பக்கத்தில் ஒரு மதுப்புட்டியும் குவளையும் நிற்கின்றன. பால்கனி சன்னலிலிருந்து வரும் வெளிச்சம் பலகையின் மேலும் அவர்களுடைய முதுகின் மேலும் ஒருங்கே மின்னுகிறது. அந்த ஆண்டின் அரசுக் கண்காட்சிக் குழு ஓவியத்தை ஏற்க மறுத்தது. உழவரை வரைவதற்கு மரபு இருந்தது, நகரத் தொழிலாளியை அரைநிர்வாணமாக வரவேற்பறையில் வரைவது அருவருப்பாகப் பட்டது. 1876இல் இம்ப்ரஷனிஸ்டுகள் நடத்திய இரண்டாம் கண்காட்சியில் அது இடம்பெற்றது. இன்று பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த மூவரும் எழுந்து போனபின்பே மெழுகுக்காரன் அறைக்குள் நுழைவான் என்பதை அறிந்து பார்த்தால், அந்த ஓவியம் ஒரு தொழில்தொடரின் முதற்கட்டமாகத் தெரியும்.

குடியிருப்புகள் பெருகியபோது எல்லாரும் தேய்ப்பாளருக்குக் கூலி கொடுக்க இயலவில்லை. வேலை வீட்டுப் பணிப்பெண்ணின் மேலும், அவளும் இல்லாத வீட்டில் இல்லத்தரசியின் மேலும் விழுந்தது. பிரெஞ்சு வீடுகளில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்த முறை கடுமையானது: அழுக்கேறிய பழைய மெழுகை இரும்புநார்ச் சுருளைக் காலடியில் வைத்துத் தேய்த்துச் சுரண்டவேண்டும், எழும் தூளைப் பெருக்கித் துடைக்கவேண்டும், புது மெழுகு பூசிச் சில மணிநேரம் விடவேண்டும், பிறகு பிரஷ், பிறகு கம்பளி. இவ்வளவும் செய்த தளத்தின் மேல் யாரும் காலணியோடு நடந்துவிடாதபடி, வாசலில் பாதமளவு கம்பளித் துண்டுகளை அடுக்கி வைத்தார்கள். வீட்டாரும் விருந்தினரும் அவற்றின் மேல் ஏறி வழுக்கியபடியே உள்ளே போகவேண்டும். நடக்கும் ஒவ்வொருவரையும் அவர் அறியாமலே தேய்ப்பாளராக்கிய இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஜெர்மானிய மொழி பேசும் நாடுகளில், நீண்ட கைப்பிடியில் கனத்த இரும்புப் பாளத்தையும் அதனடியில் பிரஷையும் பொருத்தி இழுத்துத் தள்ளும் கருவி பரவலாக இருந்தது. உடல் பாரத்துக்குப் பதில் இரும்பின் பாரம்.

ரஷ்யாவில் தேய்ப்புத் தொழில் இன்னும் நெடுங்காலம் உயிரோடிருந்தது. பேரரசுக் காலத்து அரண்மனைப் பார்க்கேக்களுக்காக வளர்ந்த ‘பலத்யோர்’ என்னும் தேய்ப்பாளர்கள், புரட்சிக்குப் பின்னும் பெருநகரக் குடியிருப்புகளில் வேலை செய்தார்கள். 1964இல் வெளியான, கியோர்கி தனேலியா இயக்கிய ‘நான் மாஸ்கோவில் நடக்கிறேன்’ என்னும் திரைப்படத்தில் ஒரு காட்சி இதற்குச் சான்று: தன் கதையைக் காட்ட எழுத்தாளரின் வீட்டுக்கு வரும் இளைஞன், அங்கே காலால் தளத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மனிதரையே எழுத்தாளர் என எண்ணிவிட, அவரும் தேய்ப்பை நிறுத்தாமலே இலக்கியத்தைப் பற்றி உபதேசம் செய்கிறார். மாஸ்கோ ரசிகர்கள் சிரித்ததற்குக் காரணம், அந்தக் கால்வீச்சு அவர்களுக்குப் பழகியதாக இருந்ததே.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போயிற்று. அங்கே ஆரம்பகாலப் பார்க்கேக்களில் ஒன்றைத் தன் மொன்டிசெல்லோ மாளிகையின் வரவேற்பறையில் செர்ரி, பீச் மரங்களால் அமைத்தவர், பாரிசில் 1784 முதல் 1789 வரை தூதராக இருந்து அந்நாட்டுக் கட்டடக்கலையை ஊன்றிக் கவனித்த தாமஸ் ஜெபர்சன். அந்த வீட்டின் அன்றாட வேலைகளைச் செய்தவர்கள் அவருடைய அடிமைகள். அடிமை முறை ஒழிந்த பின்னர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்க்கே ஒரு நாகரிகப் பொருளாகச் சாதாரண நகர வீடுகளுக்கு விற்கப்பட்டபோது, அதைப் பேணத் தெரிந்த வேலையாட்கள் அங்கே இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் ஓர் இரும்புச்சாமான் நிறுவனத்தின் பார்க்கே விற்பனையாளராக இருந்த சாமுவேல் கர்ட்டிஸ் ஜான்சன், 1886இல் அந்தப் பார்க்கே பிரிவையே விலைக்கு வாங்கினார். தளம் வாங்கியவர்கள் எல்லாரும் அதை எப்படிக் காப்பது என்ற ஒரே கேள்வியைக் கேட்டார்கள். 1888இல் அவர் ‘ஆயத்த மெழுகு’ என்ற பெயரில் பதமான மெழுகுக் கலவையைத் தகரடப்பாவில் விற்கத் தொடங்கினார். மெழுகைச் சீவிக் கரைப்பானோடு நெருப்பருகே வைத்து உருக்கும் ஆபத்தான வேலை வீட்டிலிருந்து ஆலைக்குப் போய்விட்டது. தளம் ஒருமுறை விற்கும், மெழுகு ஆண்டுதோறும் விற்கும் என்ற எளிய கணக்கு விரைவிலேயே தெரிந்தது: 1898இல் மெழுகும் பிற மரப்பூச்சுகளும் ஈட்டிய விற்பனை தளத்தின் விற்பனையைத் தாண்டிற்று, 1917இல் நிறுவனம் பார்க்கே செய்வதையே விட்டுவிட்டது.

ஆலைக் கலவையில் தேன்மெழுகின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்தது கார்னௌபா மெழுகு. வடகிழக்கு பிரேசிலின் சியாரா, பியாவுயி போன்ற மாநிலங்களில் வளரும் ஒரு பனை இனம், வறட்சியில் நீரை இழக்காதிருக்கத் தன் விசிறி ஓலைகளின் மேல் மெழுகுத்தூளைப் படியவிடுகிறது. நீண்ட கழியின் முனையில் அரிவாளைக் கட்டி ஓலைகளை வெட்டி, வெயிலில் உலர்த்தி, அடித்து உதிர்த்து, அந்தத் தூளை உருக்கிக் கட்டியாக்குகிறார்கள். ஓர் ஓலையில் கிடைப்பது சில கிராம்தான். பனையோலை வெட்டிக் காயவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த உழைப்பை விளக்கத் தேவையில்லை. கார்னௌபா 82 முதல் 86 டிகிரி வரை உருகாது. ஆகவே வெயில் படும் அறையிலும் இளகாது, மெருகும் அதிகம். தனியே பூசினால் உடையும் அளவுக்குக் கடினமானது என்பதால், மென்மையான மெழுகுகளோடு கலந்தே பயன்படுத்தினார்கள். நிறுவனரின் பேரர் ஹெர்பர்ட் ஜான்சன் 1935இல் நீரிலும் தரையிலும் இறங்கவல்ல சிகோர்ஸ்கி விமானத்தில் பிரேசில் சென்று, அந்தப் பனைகள் போதுமான அளவு இருக்கின்றனவா என நேரில் ஆராய்ந்தார்.

அதற்குள் தேய்ப்பையே ஒழிக்கும் பொருள் வந்துவிட்டது. 1932இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘குளோ-கோட்’, மெழுகை மிக நுண்ணிய துகள்களாக நீரில் கலந்த திரவம். துணியால் பூசிவிட்டால் நீர் காய்ந்ததும் துகள்கள் நெருங்கிப் படிந்து தாமாகவே மினுங்கும். நீர் பட்டால் மர இழை எழும்பும் என்பதால், பூச்சில்லாத மரத்துக்கு அது பொருந்தாது. சமையலறை லினோலியத்துக்கே ஏற்றது. ஆனால் தேய்க்காத பளபளப்பு சாத்தியம் என்ற எண்ணத்தை அது வீடுதோறும் கொண்டுபோயிற்று. 1935 முதல் 1950 வரை ஜான்சன் மெழுகின் ஆதரவில் ஒலிபரப்பான ‘ஃபிபர் மெக்கீயும் மாலியும்’ என்னும் வானொலி நகைச்சுவைத் தொடரில், அறிவிப்பாளரே கதாபாத்திரம் போல உள்ளே நுழைந்து பேச்சோடு பேச்சாக மெழுகைப் புகழ்ந்துவிட்டுப் போவார். விளம்பரங்களில் மெழுகுடன் நிற்பது எப்போதும் புன்னகைக்கும் இல்லத்தரசி. வேர்வை அந்தப் படங்களில் இராது.

ஆசியாவில் மெழுகிட்ட மரத்தளம் மிக ஆழமாக வேரூன்றிய இடம் பிலிப்பைன்ஸ். ஸ்பானிய ஆட்சிக்காலத்தில் கீழே கல்லும் மேலே மரமுமாகக் கட்டப்பட்ட பெருவீடுகளில், நர்ரா, மொலாவே போன்ற உறுதியான மரங்களின் அகன்ற பலகைகளைப் பாவினார்கள். அவற்றுக்கு முதல் மெருகு வாழையிலை. இலையின் மேலுள்ள இயற்கை மெழுகு பலகையில் ஏறும். அதன்பின் ‘புனோட்’: குறுக்கே பாதியாக வெட்டிய தேங்காய் மட்டை, நார் முனைகள் தளத்தைத் தொடுமாறு கவிழ்த்து, அதன் மேல் ஒரு காலை வைத்து வீசித் தேய்ப்பார்கள். பாரிசுத் தேய்ப்பாளனின் அதே கால்வீச்சு. விலைக்கு வாங்கவேண்டிய பிரஷ் மட்டும் தேவைப்படவில்லை. அமெரிக்க ஆட்சியில் 1907இல் இசவுரோ கபால்டோன் கொண்டுவந்த சட்டத்தின்படி நாடெங்கும் எழுந்த பள்ளிகளில் உயர்த்திய மரத்தளங்கள் அமைந்தன. மாணவர்களே வீட்டிலிருந்து புனோட்டும் மெழுகும் கொண்டுவந்து வகுப்பறையைத் தேய்ப்பது தலைமுறை தலைமுறையாகப் பள்ளி வாழ்வின் பகுதியாக இருந்தது. கடை மெழுகு வாங்க இயலாதவர்கள் மெழுகுவர்த்தித் துண்டுகளை மண்ணெண்ணெயில் உருக்கிச் சிவப்புச் சாயம் கலந்து தாங்களே செய்துகொண்டார்கள். இலங்கையிலும் சிவப்புச் சீமெந்துத் தளத்துக்கு மெழுகுப் பாலிஷ் பூசித் தேங்காய் மட்டையால் தேய்க்கும் வழக்கம் இருந்தது. மரம் மாறினாலும் முறை மாறவில்லை.

வீழ்ச்சி வேதியியல் கூடத்திலிருந்து வந்தது. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் உருவாக்கிய பாலியூரித்தேன், இரண்டாம் உலகப்போருக்குப் பின் தளப்பூச்சாக மாறி, 1960களில் ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் பரவிற்று. அது மரத்தின் மேல் கெட்டியான நெகிழிப் படலமாக நின்றுவிடும். நீரையும் குதிகால் உரசலையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். வீட்டுப் பணியாளர் குறைந்து, பெண்கள் வேலைக்குச் செல்லத் தொடங்கியிருந்த காலத்தில், வாரம் ஒரு நாளை விழுங்கும் மெழுகு இதனோடு போட்டியிட முடியவில்லை. சுவருக்குச் சுவர் விரிக்கும் கம்பளமும் பல பார்க்கேக்களை மூடி மறைத்தது. மாற்றத்தில் ஒரு சிக்கல் மட்டும் நின்றது: மெழுகேறிய மரத்தில் பாலியூரித்தேன் ஒட்டாது, எனவே தலைமுறைகள் சேர்த்த மெழுகை எந்திரத்தால் மரத்தோடு சேர்த்துச் சுரண்டி எடுக்கவேண்டியிருந்தது, பல பழைய தளங்கள் அந்தச் சுரண்டலில் மெலிந்துபோயின. மெழுகின் சிறப்பு பழுது பார்க்கும்போதுதான் விளங்குகிறது. நெகிழிப் படலம் கீறினால் முழு அறையையும் சுரண்டிப் பூசவேண்டும். மெழுகில் தேய்ந்த இடத்தை மட்டும் டர்பன்டைனால் துடைத்து, மீண்டும் பூசித் தேய்த்தால் பழையதோடு கலந்துவிடும். பழைய தளங்களைப் பேணும் வல்லுநர்கள் இன்றும் மெழுகை விரும்புவதற்கு இதுவே காரணம்.

ஜான்சன் நிறுவனம் காலப்போக்கில் கொசுவிரட்டி, வீட்டுத் தூய்மைப் பொருள்கள் எனப் பல துறைகளுக்கு விரிந்தது. 1888இல் தொடங்கிய தகரடப்பா மெழுகின் உற்பத்தியை அது 2021இல் நிறுத்தியபோது வெளிப்படையாக வருந்தியவர்களில் வீட்டுத்தளம் வைத்திருந்தவர்களைவிடத் தச்சர்களே முன்னால் நின்றார்கள். அந்த மெழுகை அவர்கள் பயன்படுத்திவந்தது பெரும்பாலும் மேசை ரம்பத்தின் இரும்புத்தட்டில் துரு ஏறாமலும் பலகை வழுக்கிச் செல்லவும் பூசுவதற்காக.